மைனஸ் முன்னூற்றொன்று

பகல் ஷிப்ட் முடிந்த சங்கு ஊதி ஓய்வதற்குள் வரிசை கேட்டைத் தாண்டி, லாரி நிற்கும் மைதானத்தைத் தாண்டி, பஞ்சர் கடை வரை நீண்டுவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. வரிசையில் பாதிப் பேர் கம்பளிக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நாளெல்லாம் குளிர்பதனக் கிடங்குக்குள் நடுங்கிவிட்டு வெளியே வந்தவர்கள், இப்போது எதற்காக நிற்கிறார்கள்?

இன்னும் கொஞ்சம் குளிருக்காக.

வரிசையின் தலைமாட்டில் ஒரு பழைய சரக்குக் கொட்டகை. அதற்குள் ஆள் உயர இரும்புப் பெட்டி. பெட்டியில் வட்டமாக ஒரு துவாரம். துவாரத்திலிருந்து வெள்ளை வெளேரென்று புகை வழிந்து தரையில் பாலாக ஓடியது. துவாரத்துக்கு மேலே சிவப்பு விளக்கில் எரியும் எண்: மைனஸ் 301. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில்: 'கையை நீட்டு. நோய் உறையும்.'

பக்கத்தில் நாற்காலி. நாற்காலியில் மைனஸ் சாமியார். அந்தப் புழுக்கத்திலும் வெள்ளைச் சால்வை. உள்ளே பெருகிய வியர்வையைப் பக்தர்கள் 'பனித்துளி' என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், வியர்வைக்கும் ஒரு வாழ்வு வரக் கூடாதா?

இந்த ஊரில் அவர் பிழைத்ததற்குக் காரணம் உண்டு. இங்கே ஒருவரை அடையாளம் சொல்ல அப்பன் பெயர் தேவையில்லை, அறை எண் போதும். பிளஸ் எட்டு அறையில் காய்கறி அடுக்குபவருக்கு டீக்கடை பெஞ்சில் கடைசி இடம். மைனஸ் பதினெட்டு என்றால் கௌரவம். மைனஸ் நாற்பதிலிருந்து ஒருவர் வந்தால் பெஞ்சே எழுந்து நிற்கும். எண் எவ்வளவு கீழே போகிறதோ, ஆள் அவ்வளவு மேலே. இப்பேர்ப்பட்ட ஊருக்குள் ஒருவர் மைனஸ் முன்னூற்றொன்றோடு வந்து இறங்கினால், காலில் விழாமல் என்ன செய்வார்கள்?

எடுத்த எடுப்பிலேயே அவர் முன்னூற்றொன்றில் ஆரம்பிக்கவில்லை. முதல் வாரம் மைனஸ் தொண்ணூறு. ஈ காக்கை வரவில்லை. நூற்றைம்பது ஆனதும் பத்துப் பேர் எட்டிப் பார்த்தார்கள். இருநூறில் வரிசை. கிராக்கி ஏற ஏற எண் இறங்கிக்கொண்டே போனது. விஞ்ஞானம் போட்டு வைத்த கடைசிக் கோட்டை அவர் தாண்டியது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. தாண்டியது அவருக்கே தெரியாது.

தெரிந்த ஒரே ஆள் கம்ப்ரசர்காரி.

கிடங்கின் அத்தனை குளிர் இயந்திரங்களுக்கும் அவள்தான் வைத்தியம். கையில் எப்போதும் ஸ்பானர், முகத்தில் எப்போதும் எண்ணெய்க் கறை. அன்று அவள் வரிசை ஓரமாக நடந்தது ஆசீர்வாதம் வாங்க அல்ல, அக்காவைத் தேடி. அக்கா மைனஸ் பதினெட்டில் பெட்டியும் சாக்கும் கட்டுபவள். பத்து வருஷ சர்வீஸ். மார்பில் ஒரு கட்டி. 'வெள்ளிக்கிழமை காலையில வந்து சேருங்க, எடுத்துரலாம். இப்ப எடுத்தா பயமில்லை. தள்ளிப்போட்டா நான் பொறுப்பில்லை' என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார்.

அக்கா வரிசையில் இல்லை. ஏற்கெனவே கையை நீட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாள்.

கம்ப்ரசர்காரி போனபோது, ஆஸ்பத்திரிக்காகக் கட்டி வைத்திருந்த பையை அக்கா பிரித்துக்கொண்டிருந்தாள். துண்டு கொடிக்குப் போனது. டம்ளர் அலமாரிக்குப் போனது.

"என்னக்கா இது?"

"ஆஸ்பத்திரிக்குப் போகல. சாமி நாப்பது நாள் கை வைக்கச் சொல்லிருக்காரு. கட்டி உள்ளேயே உறைஞ்சு உதிர்ந்துருமாம். நடுவுல கத்தி படக் கூடாதாம். இரும்பு பட்டா பலிக்காதாம்."

"அவரோட பெட்டியே இரும்புதானே?"

"இதுக்குத்தான் உன்கிட்ட ஒண்ணும் சொல்றதில்ல."

"அக்கா, அந்த போர்டுல போட்டிருக்கிற எண்ணே பொய். மைனஸ் எரநூத்தி எழுபத்திமூணு சொச்சத்தோட குளிர் முடிஞ்சு போச்சு. அதுக்குக் கீழ கிடையாது."

"யாரு போய் அளந்தா?"

"அளக்கவே வேணாம். குளிர்னு தனியா ஒரு சரக்கு இல்லக்கா. நான் பார்க்கிற மெஷின் எதுவும் குளிரைத் தயாரிக்கல. உள்ளேயிருக்கிற சூட்டை மொண்டு மொண்டு வெளியே கொட்டுது. அதான் கொல்லைப்புறம் அனலா அடிக்குது. அண்டாத் தண்ணியை மொண்டுக்கிட்டே இருந்தா ஒரு நாள் அடி தட்டுமா தட்டாதா? காலி அண்டாவுல இன்னும் முப்பது குடம் மொண்டேன்னு ஒருத்தன் சொன்னா நம்புவியா?"

அக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள். ஆனால் பயம் ஜெயித்தது.

"நாப்பது மேஸ்திரி கை வச்சாரே. அதுக்கென்ன சொல்ற?"

நாற்பது மேஸ்திரியின் கதை ஊருக்கே தெரியும். மைனஸ் நாற்பது அறையின் தலைவர். பல வருஷங்களுக்கு முன் ஒரு நாள் கையுறை கிழிந்ததைக் கவனிக்காமல் வேலை பார்த்ததில் இடது சுண்டுவிரலில் பாதியைக் குளிர் தின்றுவிட்டது. அப்படிப்பட்டவர் சாமியாரின் முன்னூற்றொன்றுக்குள் வெறுங்கையை விட்டார். முழுசாக ஒரு நிமிஷம். எடுத்துப் பார்த்தால் மிச்சமிருந்த நாலரை விரலும் பத்திரம். 'கடிக்கவே இல்லடா' என்று அந்தப் பெரிய மனிதர் தேம்பி அழுதார். அன்றிலிருந்துதான் வரிசை பஞ்சர் கடையைத் தொட்டது.

குளிரைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு குமாஸ்தா கையை விட்டிருந்தால், 'என்னய்யா, அவ்வளவு ஜில்லுன்னு இல்லையே' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். குளிரைக் கரைத்துக் குடித்தவர்கள் ஆயிற்றே இவர்கள். நாற்பதே விரலைத் தின்னும் என்று தெரியும். முன்னூற்றொன்று தின்னவில்லை. ஆகவே அற்புதம். போர்டில் இருக்கும் எண் பொய்யாக இருக்கலாம் என்பது மட்டும் ஒருவர் மண்டைக்கும் எட்டவில்லை. எண் என்ன, பொய் சொல்லுமா?

மறுநாள் புதன்கிழமை மாலை கம்ப்ரசர்காரி நேராகக் கொட்டகைக்குள் போனாள். கூட்டம் பார்க்கக் கேட்டாள்.

"சாமி, எரநூத்தி எழுபத்திமூணுக்குக் கீழ எப்படிப் போனீங்க?"

சாமியார் கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்திலிருந்த சீடர் பக்கம் திரும்பிப் புருவத்தை மட்டும் அசைத்தார். சீடர் சாமானியப்பட்டவர் அல்ல. ஒரு காலத்தில் பௌதிக டியூஷன் எடுத்து, பிள்ளைகள் வராததால் பக்திக்கு மாறியவர். சட்டைப் பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துணுக்கை எடுத்து விரித்தார். தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. 'குளிரின் அடிமட்டத்தையே பூஜ்யமாக வைத்து எண்ணும் அளவுகோல் ஒன்று விஞ்ஞானிகளிடம் உண்டு. அந்தப் பூஜ்யத்துக்குத் தனிச்சுழி என்று பெயர். அந்த அளவுகோலிலும் மைனஸ் வெப்பநிலையை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கியிருக்கிறார்கள்.' இது நான் சொல்லல. விஞ்ஞானம் சொல்லுது. விஞ்ஞானி இன்னிக்குத் தொட்டதை நம்ம சாமி எப்பவோ தொட்டுட்டாரு."

கூட்டம் கை தட்டியது. பிறகு திரும்பி கம்ப்ரசர்காரியைப் பார்த்தது.

"நட்டு முடுக்குற கைக்கு நாக்கு நீளம்" என்றது ஒரு குரல்.

"அவ அக்கா பிழைக்கிறது அவளுக்கே பிடிக்கல போல" என்றது இன்னொன்று.

அக்காவும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள். தங்கையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு விழுந்ததைவிட அதுதான் சுருக்கென்றது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரே ஒரு நாள்.

வியாழக்கிழமை காலை கம்ப்ரசர்காரி லீவு போட்டாள். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நைட்ரஜனைத் திரவமாக்கும் இயந்திரத்தைப் பழுது பார்த்த வகையில் அங்கே ஒரு பேராசிரியை பழக்கம். விஷயத்தைக் கேட்ட பேராசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தச் செய்தி உண்மைதான்மா. மைனஸ் இருக்கு."

கம்ப்ரசர்காரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சாமியாரிடம் தோற்றால்கூடப் பரவாயில்லை, விஞ்ஞானமும் அவர் கட்சிக்கா போக வேண்டும்?

"ஆனா அது நீ நினைக்கிற பக்கம் இல்ல" என்றார் பேராசிரியை. "உங்க கிடங்குல தட்டுத் தட்டா ரேக் இருக்குமில்ல? பெட்டி எல்லாம் அடித் தட்டுலயே கிடந்தா அதான் தனிச்சுழி. சூடு ஏத்தினா ஒவ்வொரு பெட்டியா மேல் தட்டுக்குப் போகும். இருந்தாலும் எப்பவும் கீழ அதிகம், மேல கம்மி. எல்லாத் தட்டுலயும் சரிசமமாகணும்னா முடிவே இல்லாத சூடு வேணும். அதையும் தாண்டிப் பலவந்தமா தள்ளி, மேல அதிகம், கீழ கம்மின்னு ஆக்கினா என்னாகும்?"

"ரேக் கவுந்துரும்."

பேராசிரியை சிரித்துவிட்டார். "நீ என் வகுப்புல இருந்திருக்கணும். அந்தத் தலைகீழ் நிலைமைக்குத்தான் கணக்குல மைனஸ்னு விடை வருது. அது குளிருக்கு அந்தப் பக்கம் இல்ல. சூட்டுக்கு அந்தப் பக்கம். எதைத் தொட்டாலும் தன் சூட்டை அது மேல கொட்டிரும்."

"அப்ப மைனஸ்னா உலையை விடச் சூடா?"

"எந்த உலையை விடவும். அதுவும் ரேக்குக்கு உச்சித் தட்டுன்னு ஒண்ணு இருந்தாத்தான் நடக்கும். காத்துக்கும் தண்ணிக்கும் உன் கைக்கும் உச்சித் தட்டே கிடையாது. அதனால இதையெல்லாம் ரொம்பப் பக்குவமா பிடிச்சு வச்ச அணுக்கள்ல, கண் சிமிட்டுற நேரத்துக்குப் பண்ணுவாங்க. கொட்டகையில நாலரைலேர்ந்து ஏழு வரைக்கும் பண்ண மாட்டாங்க."

கம்ப்ரசர்காரி எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"அந்தப் பத்திரிகைச் செய்தியில இதுவும் இருக்குமா டீச்சர்?"

"இல்லாம எப்படி? செய்தியே அதானே."

அன்று மாலை கொட்டகையில் எள் விழ இடமில்லை. கம்ப்ரசர்காரி கையைக் கட்டிக்கொண்டு சாமியார் முன்னால் நின்றாள். குரலில் அத்தனை பணிவு.

"சாமி, நேத்து தெரியாமப் பேசிட்டேன். சீடர் ஐயா படிச்சது நூத்துக்கு நூறு உண்மை. படிச்சவங்களையே விசாரிச்சேன்."

கூட்டம் திருப்தியாக உறுமியது. சாமியார் இரண்டு கண்களையும் திறந்து ஆசீர்வாதம் செய்யக் கையைத் தூக்கினார்.

"ஒரே ஒரு ஆசை. அந்தத் துணுக்கை இன்னொரு தடவை, முழுசாப் படிச்சுக் காட்டணும்."

சீடர் பையைப் பொத்திக்கொண்டார். "அது... வீட்ல இருக்கு."

"பாக்கெட்டுல தெரியுதே" என்றார் முன் வரிசையில் நின்ற நாற்பது மேஸ்திரி. "குடுங்க, நானே படிக்கிறேன்."

மேஸ்திரியிடம் மறுப்பது எப்படி? காகிதம் கை மாறியது. அப்போதுதான் தெரிந்தது, அதன் கீழ்ப்பாதி உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. மேஸ்திரி பிரித்தார். பள்ளிப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"'ஆனால் இதைக் கடுங்குளிர் என்று எண்ணிவிடக் கூடாது. இது உலகின் எந்த நெருப்பையும்விடச் சூடானது.'"

மேஸ்திரி நிமிர்ந்தார். "சூடா?"

"சூடுதான் அண்ணே" என்றாள் கம்ப்ரசர்காரி. "சாமிகிட்ட இருக்கிறது அந்த மைனஸ்னா உள்ளே ஒரு டம்ளர் தண்ணி வச்சா கொதிக்கணும். அது இல்ல, நம்ம மைனஸ்தான்னா கல்லு மாதிரி உறையணும். ரெண்டுல எதுன்னு சாமியே சொல்லட்டும்."

சாமியார் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"இரண்டும்" என்றார்.

"ரெண்டும் எப்படி சாமி?"

"பக்குவம் உள்ளவங்களுக்குப் புரியும். சந்தேகப் பிராணி கையால வச்சா எதுவும் பலிக்காது."

நல்ல பதில்தான். நேற்றாக இருந்தால் கை தட்டல் வாங்கியிருக்கும். ஆனால் மேஸ்திரி மோவாயைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"புது அறை திறந்தா முதல் நாள் ஒரு வாளித் தண்ணி வைக்கிறோம். காலையில அது பாறையாயிருந்தாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். அஞ்சு ரூமுக்கும் அப்படித்தான் போட்டேன்." அவர் குரல் இறங்கியது. "இந்தப் பெட்டிக்கு யாரு வாளி வச்சா?"

யாரும் வைக்கவில்லை. கிடங்கு முதலாளியின் அறையையே வாளி வைத்துச் சோதிப்பவர்கள், சாமியாரின் பெட்டிக்கு மட்டும் கும்பிடு போட்டு விட்டுவிட்டார்கள்.

"நான் வைக்கலைங்க" என்றாள் கம்ப்ரசர்காரி. "என் அக்கா வைக்கட்டும். ஆஸ்பத்திரியையே வேணாம்னு சொன்னவ. அவளைவிட பக்தி உள்ள ஆள் இங்க யாரு?"

எல்லாத் தலையும் திரும்பின. அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தங்கையை முறைத்தாள். சாமியாரைக் கும்பிட்டாள்.

"குடுங்க சாமி. இவ வாயை அடைச்சுட்டு வரேன்."

பக்தை கேட்டால் மறுக்க முடியுமா? சாமியாரின் பனித்துளிகள் மூக்கு நுனிவரை இறங்கின.

எவர்சில்வர் டம்ளர். குழாய்த் தண்ணீர். அக்கா முழங்கை வரை துவாரத்துக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டாள். மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம். இரண்டு. சாமியார் வாய்க்குள் முணுமுணுத்தார். மூன்று. சீடர் பின்பக்கம் நகர்ந்தார். அங்கே ஏற்கெனவே பஞ்சர் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். நான்கு. ஐந்து.

"எடும்மா" என்றார் மேஸ்திரி.

அக்கா எடுத்தாள். டம்ளருக்குள் பார்த்தாள். சாய்த்தாள். தண்ணீர் தளும்பியது. கொட்டகை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள். அவள் முகம் மாறுவதை கம்ப்ரசர்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள். பயந்த நோயாளியின் முகம் போய், பத்து வருஷம் பெட்டி கட்டியவளின் முகம் வந்தது.

"கொதிக்கல. உறையல" என்றாள் அக்கா. "பதினெட்டுல பத்து வருஷம் நின்னவ நான். எனக்குத் தெரியாதா? இது காய்கறி ரூம்."

அவ்வளவுதான். ஏமாற்றுக்காரர் என்று சொல்லியிருந்தால்கூட நாலு பேர் சாமியாருக்காகச் சண்டைக்கு வந்திருப்பார்கள். காய்கறி ரூம் என்றதும் கொட்டகை கொதித்தது. ஐயோ, பிளஸ் எட்டுக்கா காலில் விழுந்தோம்?

"உங்க சந்தேகத்தோட சூடுதான் இப்படிப் பண்ணிருச்சு" என்றார் சாமியார், எழுந்துகொண்டே.

"சூடு ஆகலையே சாமி. ஜில்லுன்னு நல்லாத்தான் இருந்துச்சு. இன்னொரு டம்ளர் கிடைக்குமா?" என்றாள் அக்கா.

சிரிப்பு பின் வரிசையில் தொடங்கி முன்னால் வந்தது. கம்ப்ரசர்காரி ஸ்பானரை எடுத்தாள். பெட்டியின் பின்பக்கத்தில் நாலே நாலு நட்டு. கதவு கழன்றது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் தொட்டி, தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், தண்ணீரில் 'ட்ரை ஐஸ்' எனப்படும் உலர்பனிக்கட்டித் துண்டுகள். அவைதான் குபுகுபுவென்று புகை விட்டன. அதை வெளியே தள்ள மேசை விசிறி ஒன்று. பக்கத்தில் உலர்பனிக்கட்டி வந்த சாக்கு. சாக்கின் மேல் கிடங்கின் முத்திரை, அதன் கீழே கட்டியவர் சீட்டு. அக்கா குனிந்து பார்த்தாள். அவள் கைப்பட எழுதிய சீட்டு.

"நான் கட்டின குளிரை எனக்கே வித்திருக்கான் பாரு."

அந்தச் சிவப்பு எண் போர்டு? டாக்டர் வீட்டில் நோயாளிகளுக்கு வரிசை எண் காட்டுமே, அதே டோக்கன் போர்டு. முன்னூற்றொன்று எரிந்தது. முன்னாலிருந்த மைனஸ், பசை போட்டு ஒட்டிய சிவப்புக் காகித நாடா. மேஸ்திரி அதை நாலரை விரலால் உரித்து சாமியாரின் நெற்றியில் குறுக்காக ஒட்டினார். அதற்குமேல் நடந்ததை விவரிப்பது நாகரிகமல்ல. போலீஸ் ஜீப் வரும்வரை வெள்ளைச் சால்வை யார் யார் கைக்கோ போய் வந்தது என்று மட்டும் சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்ட்ரெச்சரில் படுத்த பிறகு தங்கையின் கையை விடவில்லை.

"பயமா இருக்குடி."

"இருக்கட்டும்கா. எனக்கும்தான்."

"அங்க கை வச்சப்போ பயமே இல்ல, தெரியுமா? அதுக்காகத்தான் போனேன்."

கம்ப்ரசர்காரி ஸ்ட்ரெச்சரோடு கதவு வரை நடந்தாள். கதவு மூடிக்கொண்டது. இரண்டரை மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்து, முகமூடியை இறக்கி, "எடுத்தாச்சு, பரவல. சரியான நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க" என்றார்.

மூன்றாம் நாள் மைனஸ் பதினெட்டு அறைக்காரர்கள் கும்பலாகப் பார்க்க வந்தார்கள். அதில் ஒருத்தி கட்டில் ஓரமாக உட்கார்ந்து அக்காவின் காதில் கிசுகிசுத்தாள்.

"என்ன இருந்தாலும் நீ ரெண்டு மூணு நாள் சாமி பெட்டியில கை வச்ச பாரு. அதனாலதான் ஆபரேஷன் இவ்வளவு நல்லபடியா முடிஞ்சுது."

கம்ப்ரசர்காரி வாயைத் திறக்கப் போனாள். அக்கா கையமர்த்தினாள். கட்டுப் போட்ட உடம்பை மெல்லத் தூக்கி, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நம்ம கிடங்குல எந்தச் சரக்கையும் தொடாம உள்ளே வச்சுப் பூட்டினாத்தான் கெடாம இருக்கும். மூளை மட்டும் அப்படி இல்லடி. அதைத் தொடாம வச்சாத்தான் கெட்டுப்போகும். உன்னோடதை எப்ப கடைசியா வெளியே எடுத்த?"